இரும்பு உறையும் கணக்கு: வார்ப்படச் சுருக்கக் குழிகளைக் கணினி தேடிய வரலாறு

1726ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஆண்டேட்டில் ரியோமர் ஒரு கட்டுரை எழுதினார். அச்சில் ஊற்றப்படும் உலோகங்களுள் இரும்பே அச்சின் நுட்பமான கோடுகளைக்கூட முழுமையாக வாங்கிக்கொள்கிறது. அதற்குக் காரணம் என்ன என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ஒரு வெப்ப அளவீட்டு முறைக்குத் தம் பெயரைத் தந்தவர், பூச்சிகளின் வாழ்வை ஆராய்ந்தவர் என்றே பலரும் அறிந்த அந்தப் பிரெஞ்சு அறிஞர் கண்ட விடை எளிமையானது. மற்ற உலோகங்கள் உறையும்போது சுருங்கி அச்சின் சுவரை விட்டு விலகுகின்றன. வார்ப்பிரும்போ உறையும்போது விரிந்து சுவரோடு நெருங்குகிறது.

ரியோமர் சொன்னது உண்மை. ஆயினும் வார்ப்பாலையில் ஒரு வாரம் வேலை செய்த எவரும் அதற்கு நேர்மாறான ஓர் உண்மையையும் அறிவர். உறைந்த இரும்பு வார்ப்படத்தை அறுத்துப் பார்த்தால், தடித்த பகுதியின் நடுவில் சொரசொரப்பான ஒரு குழி தென்படும். சில வேளைகளில் அது கண்ணுக்குத் தெரியும் பள்ளம். சில வேளைகளில் பஞ்சு போன்ற நுண்துளைகளின் கூட்டம். சுருக்கக் குழி, ஷ்ரிங்கேஜ் என்றெல்லாம் அழைக்கப்படும் குறை இதுவே. விரியும் உலோகத்தில் சுருக்கக் குழி எப்படி வரும்? இந்த முரணே வார்ப்பிரும்பின் உறைதலைக் கணக்கிட முயன்ற வரலாறு முழுவதையும் ஆட்டிவைத்தது.

வீட்டு அடுக்களையில் இதற்கு இரண்டு உவமைகள் உண்டு. உருக்கிய நெய்யைப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால், ஓரம் முதலில் உறைந்து நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. நெய் உறையும்போது சுருங்குகிறது; கடைசியாக உறையும் இடத்தில் இட்டு நிரப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் புட்டியை உறைபெட்டியில் வைத்தாலோ புட்டி வெடிக்கிறது. எஃகு, அலுமினியம், வெண்கலம் ஆகியவை நெய்யைப் போன்றவை. வார்ப்பிரும்பு நெய்யாகத் தொடங்கி, பாதி வழியில் தண்ணீராக மாறும் உலோகம். முதலில் திரவம் குளிர்ந்து சுருங்கும். அடுத்து ஆஸ்டினைட் என்னும் இரும்புப் படிகங்கள் மரக்கிளைகள் போல் வளரும்போதும் சுருங்கும். ஏறத்தாழ 1150 டிகிரி செல்சியஸை அடைந்ததும் கரைந்திருந்த கரி, கிராஃபைட்டாகப் பிரியத் தொடங்கும். இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7 கிராமுக்கு மேல். கிராஃபைட்டின் அடர்த்தி 2 கிராமை ஒட்டியது. எடையில் ஒரு சதவீதம் கிராஃபைட் பிரிந்தாலே பருமன் ஏறத்தாழ 3.4 சதவீதம் கூடும் என்பது வார்ப்பியல் நூல்கள் தரும் கணக்கு. இந்த விரிவு முன் நேர்ந்த சுருக்கத்தை ஈடுசெய்யுமா, செய்யாதா என்பதில்தான் வார்ப்படத்தின் தலையெழுத்து இருக்கிறது.

இக்குறையின் கொடுமை அது மறைந்திருப்பதில் உள்ளது. வார்ப்படம் வெளியில் பார்க்க நன்றாகவே இருக்கும். வாங்கியவர் தம் பட்டறையில் கடைசல் பிடித்து, துளையிட்டு, ஏறத்தாழ வேலை முடியும் தறுவாயில் குழி வெளிப்படும். அல்லது பம்பு உறை அழுத்தச் சோதனையில் வியர்க்கும். அப்போது வீணாவது இரும்பு மட்டுமன்று. உருக்கிய மின்சாரமும் கடைசல் கூலியும் வண்டிவாடகையும் சேர்ந்து வீணாகின்றன. கூலிக்கு வார்த்துத் தரும் சிறு ஆலைகளில் அந்த இழப்பு பெரும்பாலும் வார்த்தவர் தலையிலேயே விழுகிறது. எனவே, குழி எங்கே விழும் என்பதை ஊற்றுவதற்கு முன்பே அறிவது வெறும் அறிவியல் ஆர்வம் அன்று.

பழைய தீர்வு ரைசர். தடித்த பகுதியை ஒட்டி அதைவிடத் தடித்த ஒரு கட்டியை வைத்து, அது கடைசியாக உறையுமாறு செய்தால், குழி அக்கட்டிக்குள் விழும். பிறகு அதை வெட்டி எறிந்துவிடலாம். எவ்வளவு பெரிய கட்டி, எந்த இடத்தில் என்பதெல்லாம் மேஸ்திரியின் கண்ணளவு. அஞ்சியவர் பெரிய ரைசராக வைத்தார்; ஊற்றிய இரும்பில் பெரும்பங்கு மீண்டும் உலைக்கே திரும்பியது. இன்றைய தூண்டல் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 550 முதல் 650 யூனிட் மின்சாரம் தேவை என்பதை நினைத்தால், அச்சத்தின் விலை புரியும்.

கண்ணளவைக் கணக்காக்கும் முயற்சி ஜெர்மன் மொழி வழங்கிய எஃகு வார்ப்பாலைகளில் தொடங்கிற்று. 1929இல் ஹாய்வர்ஸ் என்பவர் ஒரு வட்ட முறையைச் சொன்னார். வார்ப்படத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தில் வட்டங்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ரைசரை நோக்கிச் செல்லச் செல்ல வட்டம் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். எங்கேனும் வட்டம் குறுகிப் பின் பெருத்தால் அந்த இடத்தில் வழி அடைபட்டுக் குழி விழும். காகிதமும் கவராயமும் போதும். இன்றும் சில வரைபடப் பலகைகளில் இந்த வட்டங்களைக் காணலாம்.

1940இல் நிக்கொலாய் க்வோரினோவ் எழுதிய கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. அவர் பில்சன் நகரின் ஸ்கோடா ஆலையில் பணியாற்றிய பொறியாளர். ஊர் அப்போது ஜெர்மன் ஆதிக்கத்தில் இருந்தது. கட்டுரையும் ஜெர்மன் வார்ப்பியல் இதழ் ஒன்றிலேயே வெளிவந்தது. அவர் கண்ட விதி ஒரே வரியில் அடங்கும்: ஒரு வார்ப்படம் உறைய எடுக்கும் நேரம், அதன் பருமனை மேற்பரப்பால் வகுத்துவரும் ஈவின் வர்க்கத்திற்கு நேர்விகிதம். அந்த ஈவுக்கு மாடுலஸ் என்று பெயர் வந்தது. பக்கத்திற்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தையும், 20க்கு 20 சென்டிமீட்டர் அளவில் 2.5 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு பலகையையும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் பருமனும் 1000 கன சென்டிமீட்டரே. ஆனால் கனசதுரத்தின் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், பலகையுடையது 1000. மாடுலஸ் முறையே 1.67, 1. ஒரே எடை இரும்பு, ஒரே மணல். ஆயினும் கனசதுரம் உறைய 2.8 மடங்கு நேரம் எடுக்கும். ரைசரின் மாடுலஸ் அது ஊட்ட வேண்டிய பகுதியின் மாடுலஸைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்ற நடைமுறை இதிலிருந்து பிறந்தது. கணினித் திரையில் வண்ணப் படங்கள் ஓடும் இக்காலத்திலும், அனுபவமுள்ளவர்கள் முதலில் கையால் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கையே.

க்வோரினோவின் விதி முழு வார்ப்படத்துக்கும் ஒரே விடை தருகிறது. உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் என்ன நிகழ்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு வெப்பப் பரவல் சமன்பாட்டை உறைதலோடு சேர்த்துத் தீர்க்க வேண்டும். ஃபூரியர் 1822இலேயே வெப்பப் பரவலின் கணிதத்தை நூலாக்கியிருந்தார். வியன்னாவில் பேராசிரியராக இருந்த யோசெஃப் ஸ்டெஃபான், துருவக் கடல்களில் பனிக்கட்டி எவ்வாறு தடிக்கிறது என்ற ஆராய்ச்சியில் நகரும் உறைமுகத்தின் கணிதத்தை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார். அவை தட்டையான சுவர், முடிவிலாப் பரப்பு போன்ற எளிய வடிவங்களுக்கே பொருந்தும். எஞ்சின் பிளாக் ஒன்றின் வளைவுகளுக்கும் துளைகளுக்கும் காகிதத்தில் விடை கிடையாது.

கணினிக்கு முன் ஓர் இடைக்காலம் இருந்தது. அதைப் பலரும் மறந்துவிட்டனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விக்டர் பாஷ்கிஸ் 1940களில் ஒரு மின்கருவியைக் கொண்டு வார்ப்படங்களின் உறைதலை ஆராய்ந்தார். வெப்பமும் மின்சாரமும் ஒரே வடிவச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை என்பதே அதன் அடிப்படை. வெப்பநிலைக்குப் பதில் மின்னழுத்தம், வெப்ப ஓட்டத்திற்குப் பதில் மின்னோட்டம், உலோகத்தின் வெப்பக் கொள்திறனுக்குப் பதில் மின்தேக்கி, மணலின் தடுப்புக்குப் பதில் மின்தடை. அறை நிறைந்த கம்பிகளும் தேக்கிகளும் ஓர் இரும்புக் கட்டியாக நடித்தன. அமெரிக்க வார்ப்பாளர் சங்கத்தின் ஆதரவுடன் நடந்த இவ்வாராய்ச்சிகளே, உறைதலை ஊற்றிப் பாராமலும் அறியலாம் என்ற நம்பிக்கையைத் தொழிலுக்குள் கொண்டுவந்தன.

எண்ணியல் கணினியில் முதல் பெரும் அடி 1965இல் வைக்கப்பட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்சல், கெவேரியன் ஆகிய இருவர், எஃகு வார்ப்படங்கள் பலவற்றின் உறைதலைக் கணினியில் கணக்கிட்டு, உண்மையில் அளந்த முடிவுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். முறை இதுதான்: வார்ப்படத்தையும் அதைச் சூழ்ந்த மணலையும் சிறு சிறு கட்டங்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டங்களுக்கு எவ்வளவு வெப்பம் கொடுக்கிறது, எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு கணப்பொழுதுக்குக் கணக்கெழுத வேண்டும். அடுத்த கணத்துக்கு மறுபடியும் எழுத வேண்டும். கணக்குப்பிள்ளை வேலைதான், ஆனால் எண்ணிக்கை அச்சுறுத்தும். 20 சென்டிமீட்டர் கனசதுரத்தை 5 மில்லிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 64,000 கட்டங்கள். கட்டத்தைப் பாதியாக்கினால் 5,12,000. அதோடு முடிவதில்லை. எளிய முறையில் கணக்கிடும்போது, கட்டம் பாதியானால் கணப்பொழுதை நான்கில் ஒன்றாகக் குறைத்தாக வேண்டும்; இல்லையேல் விடை தாறுமாறாகும். ஆக, இருமடங்கு நுட்பத்திற்கு 32 மடங்கு உழைப்பு. 1960களின் இயந்திரங்கள் ஏன் தடுமாறின, நடைமுறைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏன் ஆயின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெல்கேயும் அவர் குழுவினரும் இந்தக் கணக்கை வார்ப்பாளர்களுக்கான பாடமாகவே மாற்றினர்.

1982இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நியாமாவும் அவர் குழுவினரும் ஓர் அளவுகோலைத் தந்தனர். வெப்பநிலை ஒவ்வொரு புள்ளியிலும் தெரிந்துவிட்டது. குழி எங்கே என்று எப்படிச் சொல்வது? உறையும் தறுவாயில் ஓரிடத்தின் வெப்பச் சரிவை, அவ்விடம் குளிரும் வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள் என்றனர். சரிவு செங்குத்தாக இருந்தால் திரவம் பின்னாலிருந்து வந்து இடத்தை நிரப்பும். தட்டையாக இருந்தால் அவ்விடம் பட்டினி கிடக்கும். ஈவு ஒரு வரம்புக்குக் கீழே போனால் அங்கே நுண்துளை உண்டு. வெப்பக் கணக்கு முடிந்தபின் ஒரு வகுத்தல் மட்டுமே கூடுதல் என்பதால், உலகின் ஏறத்தாழ எல்லா வார்ப்பு மென்பொருள்களிலும் நியாமா அளவுகோல் இடம்பெற்றது.

ஹாய்வர்ஸ், ஹென்சல், நியாமா என இப்பாதையின் மைல்கற்கள் ஏறத்தாழ அனைத்தும் எஃகின் மீது நடப்பட்டவை. எஃகு நெய்யைப் போன்றது. கடைசியாக உறையும் இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் குழியின் இடமும் தெரிந்துவிடும். வெப்பக் கணக்கே அங்கு முழுக் கணக்கு. உலகில் ஊற்றப்படும் வார்ப்படங்களில் பெரும்பகுதி எஃகன்று, இரும்பு. மென்பொருள் இரும்பாலைகளுக்குள் நுழைந்தபோது அங்கே அது எஃகின் கண்ணாடியை அணிந்துகொண்டுதான் நுழைந்தது. நியாமாவின் வரம்பை வார்ப்பிரும்புக்கு அப்படியே பொருத்திவிட்டு, திரை காட்டிய இடத்தில் குழி இல்லை, காட்டாத இடத்தில் இருக்கிறது என்று வியந்தவர்கள் பலர். குற்றம் நியாமாவுடையதன்று, அவர் எஃகுக்குத்தான் சொன்னார்.

இரும்புக்கான கணக்கின் விதை 1966இலேயே ஊன்றப்பட்டிருந்தது. ஓல்ட்ஃபீல்ட் என்பவர் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரையில், சாம்பல் வார்ப்பிரும்பு உறைவதை வெப்பமாக மட்டும் பாராமல் படிகங்களின் பிறப்பாகவும் வளர்ச்சியாகவும் எழுதிக் கணினியில் தீர்த்தார். உருகிய இரும்பு தன் உறைநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கினால்தான் படிகக் கருக்கள் பிறக்கும். எவ்வளவு இறங்குகிறதோ அதன் வர்க்கத்திற்கு ஏற்பக் கருக்களின் எண்ணிக்கை கூடும். வளரும் வேகமும் அவ்வாறே. கருக்கள் மிகுந்து வளரத் தொடங்கியதும் வெளிப்படும் உள்ளுறை வெப்பம், குளிர்ந்துகொண்டிருந்த இரும்பின் வெப்பநிலையைச் சிறிது மேலே ஏற்றும். குளிர்தல் வரைகோட்டில் விழும் அந்தச் சிறு பள்ளமும் மேடும் அவர் கணக்கில் வந்தன. ஹென்சல் குழுவின் கட்டுரைக்கு ஓராண்டே பிந்தியது இது. ஆயினும் ஓல்ட்ஃபீல்டின் வழியை முப்பரிமாண வார்ப்படங்களுக்கு விரித்தெடுக்க ஸ்வீடனில் ஃபிரெட்ரிக்சனும் ஸ்வென்சனும், அமெரிக்காவில் டோரு ஸ்டெஃபனெஸ்குவும், வேறு பலரும் 1980கள் முழுவதும் உழைக்க வேண்டியிருந்தது.

கருக்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? கரு மிகுந்தால் கரி கிராஃபைட்டாகப் பிரிந்து இரும்பு விரியும். கரு குறைந்து வேகமாகக் குளிர்ந்தால் கரி இரும்போடு கூடிக் கார்பைடாகும். வார்ப்படம் வெள்ளையாகி, கண்ணாடிபோல் கடினமாகி, விரிவின்றிச் சுருங்க மட்டும் செய்யும். ஒரே அச்சு, ஒரே வேதிக் கலவை. ஆனால் ஒன்று விரியும், மற்றொன்று சுருங்கும். இடையில் நிற்பது ஊற்றுவதற்குச் சற்று முன் கரண்டியில் தூவப்படும் ஃபெர்ரோசிலிக்கன் பொடி. இனாகுலேஷன் எனப்படும் இச்செயலின் பயன் 10, 15 நிமிடங்களில் மங்கத் தொடங்கும். ஒரே உருக்கில் முதலில் ஊற்றிய பெட்டி நன்றாக இருக்க, கடைசியாக ஊற்றிய பெட்டி குழி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. வடிவத்தை மட்டும் அறிந்த கணினிக்கு இவ்விரு பெட்டிகளும் ஒன்றே.

1948இல் மற்றொரு சிக்கல் சேர்ந்தது. மெக்னீசியத்தைச் சேர்த்தால் கிராஃபைட் தகடுகளாக அன்றி உருண்டைகளாகப் பிரியும் என்பதை, இன்கோ நிறுவனத்தில் கீத் மில்லிஸ் கண்ட வழியில், அந்நிறுவனம் அவ்வாண்டு அமெரிக்க வார்ப்பாளர் மாநாட்டில் அறிவித்தது. டக்டைல் இரும்பு, எஸ்.ஜி. இரும்பு என வழங்கும் இது எஃகின் உறுதிக்கு அருகில் நின்றதால் கிராங்க் தண்டு, அச்சு உறை, குழாய் என எங்கும் புகுந்தது. ஆனால் இது உறையும் முறை வேறு. சாம்பல் இரும்பில் ஓரத்தில் ஒரு திடத் தோல் முதலில் உருவாகி அச்சைக் காக்கும்; உருண்டை இரும்பில் குறுக்குவெட்டு முழுதும் ஒரே வேளையில் கூழாகி நிற்கும். உள்ளே கிராஃபைட் விரியும் அழுத்தம் நேரே மணல் சுவரைத் தள்ளும். மணல் இளகியிருந்தால் சுவர் பின்வாங்கும். வார்ப்படம் பருத்து, உள்ளே இடம் கூடி, அதை நிரப்ப இரும்பின்றிக் குழி விழும். விரிந்ததனாலேயே குழி! ரியோமரின் உண்மையும் மேஸ்திரியின் உண்மையும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன.

கனடாவில் கியூ.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் கார்சே இதை நடைமுறை விதியாக்கினார். அச்சு இறுகியிருந்தால், மாடுலஸ் 2.5 சென்டிமீட்டருக்கு மேலிருந்தால், ஊற்றும் சூடு குறைவாக இருந்தால், ரைசரே வேண்டாம். விரிவே சுருக்கத்தை அடைத்துவிடும் என்றார். எஃகு வார்ப்பாளருக்கு இது கேட்கவே கூடாத பேச்சு. இரும்பு வார்ப்பாளருக்கோ, ஒவ்வொரு நிபந்தனையும் அன்றாட வேலையைச் சார்ந்தது: மணலில் எவ்வளவு ஈரம், பெட்டி எவ்வளவு இடித்து இறுக்கப்பட்டது, கொக்கி சரியாக மாட்டப்பட்டதா, மேலே எடை வைத்தார்களா. கணினி நிரலில் இவையெல்லாம் வேதிக் கலவையைப் போல் எண்களாக வந்தாக வேண்டும்.

1988இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் வார்ப்பியல் ஆய்வுச் சூழலிலிருந்து பிறந்த மாக்மா நிறுவனமும், அமெரிக்காவில் தோன்றிய புரோகாஸ்ட் மென்பொருளும் இத்துறையை ஆய்வகத்திலிருந்து விற்பனைக்குக் கொண்டுவந்தன. 1990களில் வாகன நிறுவனங்களுக்கு வார்ப்படம் தரும் பெரிய ஆலைகளில் இவை வழக்கமாயின.

இந்தியாவின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 1903இல் பெல்காமில் லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை வார்த்த நாளிலிருந்து, நாட்டின் வார்ப்பாலைகள் ஊர்க் கொத்துகளாகவே வளர்ந்தன. ஹவுராவில் ஆலை உறுப்புகளும் பின்னாளில் ஏற்றுமதிக்கான சாக்கடை மூடிகளும், ராஜ்கோட்டில் டீசல் எஞ்சின்கள், கோலாப்பூரில் எண்ணெய் எஞ்சின்களில் தொடங்கி வாகன உறுப்புகள், பட்டாலாவில் கடைசல் இயந்திரங்கள், கோயம்புத்தூரில் பஞ்சாலை இயந்திரங்களும் பம்புகளும். நாட்டில் உள்ள சுமார் 5000 வார்ப்பாலைகளில் மிகப் பெரும்பான்மை சிறியவை. வார்ப்படத்தின் பயனே கணினியின் தேவையைத் தீர்மானித்தது என்பதையும் இங்கே காணலாம். சாக்கடை மூடிக்குள் ஒரு நுண்துளை இருந்தால் லாரி ஏறி இறங்குவதில் பெரும்பாலும் குறையிராது. ஹைட்ராலிக் வால்வுக்குள் அதே துளை இருந்தால் எண்ணெய் கசியும். கணிப்பு மென்பொருளுக்கான வேட்கை முதலில் எழுந்தது பம்பு, வால்வு, வாகன உறுப்பு வார்த்தவர்களிடம்தான்.

அறிவுத் தளத்தில் அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. 1950இல் இந்திய வார்ப்பாளர் சங்கம் தோன்றிற்று. ராஞ்சியின் கனரகப் பொறியியல் கழகத்தில் வார்ப்பு, அடிப்பு ஆலை செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் எழுந்தது. க்வோரினோவ் தம் விதியைக் கண்ட நாட்டின் தொழில்மரபு அவ்வழியே சோட்டா நாக்பூரை வந்தடைந்தது எனலாம். 1966இல் அதே ராஞ்சியில் யுனெஸ்கோவின் துணையோடு வார்ப்பு, அடிப்புத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் அமைந்தது. ஆனால் ராஞ்சியின் பட்டதாரிகள் பெரிய ஆலைகளுக்குச் சென்றனர். கோலாப்பூரின் சிறு ஆலைக்கும் பட்டாலாவின் குபோலா உலைக்கும் இடையே அறிவு நகர்ந்தது மேஸ்திரிகளின் வழியேதான்.

1990களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.என். சீனிவாசனும் அவர் மாணவர் பி. ரவியும் மாடுலஸ் திசையன் முறை என ஒன்றை வகுத்தனர். அதன் நோக்கம் சிறிய கணினியில், சில நிமிடங்களில் விடை காண்பது. வார்ப்படத்துக்குள் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு எல்லாத் திசைகளிலும் கூம்புகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கூம்புக்கும் அதன் பருமனையும் குளிரும் பரப்பையும் வைத்து வெப்பம் எத்திசையில் எவ்வளவு பாயும் எனக் கணக்கிட்டு, அனைத்தையும் கூட்டினால் மிகச் சூடான இடம் எப்பக்கம் என்ற ஓர் அம்பு கிடைக்கும். அம்பு காட்டும் வழியில் ஓர் அடி நகர்ந்து மீண்டும் கணக்கிட வேண்டும். இறுதியில் நாம் சென்று நிற்கும் இடமே கடைசியாக உறையும் இடம். லட்சக்கணக்கான கட்டங்களையும் ஆயிரக்கணக்கான கணப்பொழுதுகளையும் சுற்றிவராமல், க்வோரினோவின் விதியையே புள்ளிதோறும் விரித்துக்கொண்ட முறை இது. ரவி பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார்; அங்கே வளர்ந்த ஆட்டோகாஸ்ட் மென்பொருளும், வார்ப்பியலை இணையவழி கற்பித்து, பதிவேற்றிய உருவத்தின் சூடான இடங்களைக் கட்டணமின்றிக் காட்டிய இ-ஃபவுண்டரி தளமும் இதன் தொடர்ச்சி. வெளிநாட்டு மென்பொருளுக்குப் பல லட்சம் ரூபாய் கொடுக்க இயலாத ஆலைகளுக்குத் திரையைக் கொண்டுசென்றவை இவை.

இவ்வகை விரைவு முறைகளை எள்ளுவோர் உண்டு. இவை வடிவத்தை மட்டுமே அறியும், உலோகத்தை அறியா என்பது அவர்கள் வாதம். வாதம் சரியே, ஆனால் எள்ளல் தகாது. சிறு ஆலையில் நேரும் சுருக்கக் குழிகளில் பல, ரைசர் தவறான இடத்தில் வைக்கப்பட்டதாலோ அதன் கழுத்து முன்கூட்டியே உறைந்ததாலோ விழுபவை. அவற்றைக் காண வடிவக் கணக்கே போதும். போதாத இடம் அடுத்தது.

வாடிக்கையாளர் நிறுவனங்கள் பல இப்போது விலைப்புள்ளியோடு சிமுலேஷன் அறிக்கையையும் கேட்கின்றன. அச்சு செய்வதற்கு முன்பே நீல, சிவப்பு வண்ணப் படங்கள் மின்னஞ்சலில் போகின்றன. இரும்புக்கெனத் தனிப்பகுதி கொண்ட மென்பொருளைத் திறந்தால், வேதிக் கலவை, ஊற்றும் வெப்பநிலை ஆகியவற்றோடு இனாகுலேஷனின் தரம், அச்சின் இறுக்கம், உருக்கின் நிலை போன்றவற்றுக்கும் கட்டங்கள் இருக்கும். பலரும் மென்பொருள் தானே நிரப்பித் தந்த எண்களை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றனர். அந்த எண்கள் ஜெர்மனியிலோ வேறெங்கோ ஒழுங்காக இயங்கும் ஓர் ஆலையைச் சார்ந்தவை. இங்கே ஆலைக்கு வரும் பழைய இரும்பு வாரந்தோறும் மாறும். எஃகுத் துண்டு மிகுந்தால் கருவாக்கம் குன்றும். வெயில் காலத்து மணலின் ஈரம் மழைக்காலத்தில் இராது. ஓல்ட்ஃபீல்ட் 1966இல் சமன்பாட்டில் எழுதிய கருக்களின் எண்ணிக்கையை வரைபடத்திலிருந்து யாரும் படித்தெடுக்க முடியாது. அதை அந்த ஆலையின் தரையில்தான் அளக்க வேண்டும்.

அளக்கும் கருவிகளும் புதியவை அல்ல. வெப்பமின்னிரட்டை பொருத்திய மணல் கிண்ணத்தில் சிறிது இரும்பை ஊற்றினால், குளிர்தல் வரைகோடு இரண்டு மூன்று நிமிடங்களில் வந்துவிடும். ஓல்ட்ஃபீல்டின் பள்ளமும் மேடும் அதில் தெரியும். கிண்ணம் வாங்க இயலாத இடத்தில் ஆப்புச் சோதனை இருக்கிறது. ஊற்றுவதற்கு முன் கரண்டியிலிருந்து கொஞ்சம் இரும்பை ஆப்பு வடிவ அச்சில் வார்த்து, குளிரவைத்து, சுத்தியலால் உடைத்து, கூர்முனையில் எத்தனை மில்லிமீட்டர் வெள்ளையாகி இருக்கிறது என்று மேஸ்திரி பார்ப்பார். வெள்ளை நீண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் ஃபெர்ரோசிலிக்கன் தூவச் சொல்வார். பல ஆலைகளில் அந்த அளவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. உடைந்த ஆப்பு அப்படியே உலைக்குத் திரும்புகிறது. மாடி அறையில் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கு இரும்புப் பகுதியின் கட்டத்தில் இட வேண்டிய எண்ணுக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் அந்த மில்லிமீட்டர்தான்.